சிவப்பு உறைக்குள் இருந்த பட்டாளத்தார்

குப்பன் தன் அறுபத்துச் சில்லறை வருஷ ஆயுளில் முட்டி மோதி ஜெயித்தவை இவ்வளவுதான். ஒரு ஜோடி பூட்ஸ், அதுவும் காலுக்குப் பெரியது. தண்டவாளம் விழுந்து இரண்டு விரல் போன பிறகும் நொண்டாமல் நடக்கக் கற்றுக்கொண்ட ஒரு வலது கால். ஸ்டேஷன் வாசல் டீக்கடையில் மற்றவர்கள் குடிக்கிற அதே கண்ணாடி கிளாசில் டீ. அடுத்தவன் வயலில் கூலிக்குப் போய் நிற்காத மூன்று பிள்ளைகள். தண்டவாளம் பராமரிக்கிற ஒரு கேங்குக்கு மேஸ்திரி வேலை. கடைசியாக, சம்பளத்தன்று கட்டைவிரல் மையைத் துடைக்கத் துணி தேடாமல் இருக்கிற உரிமை.

துப்பாக்கி இதில் இல்லை. மெடல் இல்லை. சுபேதார் பட்டமும் இல்லை. அவற்றையெல்லாம் அவர் செத்து நாற்பது வருஷம் கழித்து, கள்ளக்குறிச்சியில் பிளக்ஸ் கடை வைத்திருக்கும் கொள்ளுப்பேரன் சிவசங்கர் கம்ப்யூட்டரில் சம்பாதித்துக் கொடுத்தான்.

குப்பனுக்கு இருந்தது ஒரே ஒரு போட்டோ. தோளில் துண்டு, முகத்தில் எரிச்சல். சிவசங்கர் அந்தத் தலையை மட்டும் வெட்டி எடுத்து, எங்கோ கிடைத்த ஒரு ராணுவ அதிகாரியின் உடம்பில் வைத்தான். ஒட்டு தெரியாமல் இருக்கக் கழுத்தில் ஒரு சாமந்தி மாலை. மீசையையும் கொஞ்சம் வளர்த்துவிட்டான். அடியில் ‘சுபேதார் குப்புசாமி’ என்று பேரையும் நீட்டிவிட்டான். குப்பன் என்ற பேர் அவனுக்கு நாக்கில் முள் மாதிரி. குடும்ப வாட்சப் குழுவில் படம் வந்ததும், ஊரிலுள்ள அத்தனை சொந்தமும் கைகூப்பிக் கும்பிட்டது.

கும்பிடாதவள் செவ்வந்தி. சிவசங்கருக்கு அவள் சித்தப்பா மகள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் தையல் கடை. எட்டாவதோடு படிப்பு நின்றது. ஆனால் அளவில் கால் இஞ்ச் பிசகினாலும் பிரித்துவிட்டு மறுபடி தைக்கிற கை. மற்றவர்கள் மீசையைப் பார்த்தபோது அவள் தோளைப் பார்த்தாள். அந்தத் தோளுக்கு இந்தக் கழுத்து நிற்காது என்று பார்த்த உடனே தெரிந்துவிட்டது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு மிஷினை மிதித்தாள்.

அவளுக்குப் பெருமைப்பட வேறு விஷயம் இருந்தது. தங்கை தேவதர்ஷினி. ஜாக்கெட் தைத்தே அவளை பி.எஸ்சி. படிக்கவைத்தவள் செவ்வந்தி. தங்கை ரயில்வே பரீட்சை எழுதி, ஓடிக் காட்டி, மணல் மூட்டையைத் தூக்கி நடந்து காட்டி, திருக்கோவிலூர் பக்கம் தண்டவாளம் பராமரிக்கிற வேலையில் சேர்ந்திருந்தாள். அளவு கொடுக்க வந்து கையைத் தூக்கி நிற்கிற பெண்கள் எல்லோரும், டேப் மார்பைச் சுற்றி முடிவதற்குள் இந்தச் செய்தியைக் கேட்டே ஆக வேண்டும். ஓட முடியாதல்லவா.

இனி ஒரு இரும்பின் கதை. கச்சிராயபாளையத்தைத் தாண்டி, கல்வராயன் மலை அடிவாரத்தில் அவர்களுடைய குலசாமி இருக்கிறது. அங்கே ஒரு மரப்பெட்டியில் குப்பன் விட்டுப்போன இரும்பு ஒன்று. ஒரு முனை கூர். மறு முனை மாட்டுக் குளம்பு மாதிரி தட்டை. நடுவில் காம்பு நுழைகிற துளை. காம்பு எப்போதோ மக்கிப்போயிற்று. அது இரண்டாம் உலகப் போரில் அவர் பிடித்த கோடாரி என்பது குடும்பத்தின் முடிவு. கூர்முனை சப்பான்காரன் நெஞ்சுக்கு, தட்டை முனை அவன் மண்டைக்கு. இதைச் சொல்லும்போது பெரியவர்கள் கையை ஓங்கிக் காட்டுவார்கள். ஓங்கியவர் ஒருவரும் ஜப்பானியரைப் பார்த்ததில்லை.

குப்பன் சாகும்போது ஒரு ஏற்பாடு சொல்லிவிட்டுப் போயிருந்தார். ‘என் வம்சத்துல ஒவ்வொரு தலைமுறையிலும் மொதல்ல சர்க்கார் சம்பளம் வாங்கறது யாரோ, அவங்கதான் இத எடுத்துக் கழுவணும்.’ அதன்படி ஒவ்வொரு ஆடியிலும் திரைக்குப் பின்னால் அதைப் பேருக்குக் கழுவி, எண்ணெயும் குங்குமமும் பூசி, கூர்முனையில் எலுமிச்சை குத்தி, புதுச் சிவப்பு உறை போட்டு வெளியே கொண்டுவந்தவர் சிவசங்கரின் அப்பா. சர்க்கார் சம்பளத்தில் கிராமத் தலையாரியாக இருந்தவர். மற்றவர்கள் கும்பிட்டதெல்லாம் உறையைத்தான். அந்த உறையை இருபது வருஷமாகத் தைப்பவள் செவ்வந்தி. பழைய உறைமேல் கைவைத்துத் தடவி, அளவெடுத்து, ஒவ்வொரு வருஷமும் புதிது. கண்ணால் பார்க்காத சாமியின் இடுப்பளவு அவளுக்கு மனப்பாடம்.

போன வருஷம் தலையாரி இறந்துபோனார். இந்த ஆடிக்குப் புது ஆள் வேண்டும். சிவசங்கர் வெல்வெட் துணியோடு கடைக்கு வந்தான்.

“தங்கச்சி, இந்த வாட்டி கிராண்டா இருக்கணும். ஓரத்துல ஜரிகை வெச்சிடு. பெரிய பெரிய ஆளுங்கள்லாம் வர்றாங்க.”

“தூக்கப்போறது யாருண்ணே?”

“கலைவாணன்தான். வேற யாரு கீறாங்க?”

கலைவாணன் அவன் தம்பி. ஏதோ ஒரு ஆபீசில் கம்ப்யூட்டர் தட்டுகிற ஒப்பந்த வேலை. சம்பளம் ஏஜென்சி கொடுக்கிறது.

“தர்ஷினி கீறாளே. சென்ட்ரல் கவர்மெண்ட்டு.”

சிவசங்கர் சிரித்தான். கடைக்கு வந்திருந்த பெண்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு.

“அதெல்லாம் உத்தியோகமா தாயி? வெயில்ல ஜல்லி அள்ற வேல. பட்டாளத்தார் சப்பான்காரன் மண்டைய பொளந்த ஆயுதத்த கல்லு அள்ற கையால தொடச் சொல்றியா? ஊரே வழிச்சிக்கினு சிரிக்கும்.”

“கலைவாணனுக்கு ஏஜென்சிகாரன் சம்பளம் குடுக்கறான். நாளைக்கே வேணாம்னா வூட்டுக்கு வந்துடுவான்.”

“இருக்கட்டுமே. சேர்ல குந்திக்கினு செய்ற வேல. ஏசி வேற கீது.” வெல்வெட்டை மேஜைமேல் வைத்தான். “தர்ஷினி வரட்டும், வேணாம்னு சொல்லல. டியூட்டில போடற அந்த ஆரஞ்சுக் கோட்டு மட்டும் போட்டுக்கினு வரவேணாம்னு சொல்லிடு. போட்டோவுல நல்லா இருக்காது.”

அவன் போன பிறகு செவ்வந்தி வெல்வெட்டைத் தொடவில்லை. தங்கை தூக்காவிட்டால் அது ஒரு வருஷத்து அவமானமாக நிற்காது. இந்தத் தலைமுறைக்கே தூக்குகிற ஆள் கலைவாணன் என்று ஆகிவிடும். தேவதர்ஷினி காலத்துக்கும் ஓரமாக நின்று கும்பிட வேண்டும், அதுவும் கோட்டைக் கழற்றிவிட்டு. இத்தனைக்கும் அந்தப் பெரிய மனுஷர் யுத்தத்தில் என்னதான் கிழித்தார் என்று இவர்களில் ஒருவருக்காவது தெரியுமா? மறுநாள் கடையைச் சாத்திவிட்டு, தங்கைக்குச் சோறு கட்டிக்கொண்டு திருக்கோவிலூர் பஸ் ஏறினாள்.

ரயில்வே கேட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் கேங் வேலை செய்துகொண்டிருந்தது. தேவதர்ஷினியும் மூன்று ஆண்களும் ஒரு ஸ்லீப்பர் கட்டையைச் சுற்றி எதிரும் புதிருமாக நின்று, மாற்றி மாற்றி ஓங்கி, கட்டைக்கு அடியில் ஜல்லியை இடித்து இறுக்கிக்கொண்டிருந்தார்கள். செவ்வந்தி கையில் தூக்குப்பாத்திரத்தோடு அப்படியே நின்றுவிட்டாள். அவர்கள் கையிலிருந்த இரும்புக்கு ஒரு முனை கூர். மறு முனை மாட்டுக் குளம்பு மாதிரி தட்டை.

இருபது வருஷமாகக் கற்பூரம் காட்டிய சாமி நாலு பேர் கையில் ஜல்லி இடித்துக்கொண்டிருந்தது.

அவர்கள் சாப்பிட ஒதுங்கியதும் பையிலிருந்து டேப்பை எடுத்தாள். குனிந்து, முனையிலிருந்து முனைக்கு வைத்துப் பார்த்தாள். காம்பு நுழைகிற இடத்தை அளந்தாள். தட்டை முனையின் அகலத்தை அளந்தாள்.

“இன்னாக்கா அளவெடுக்கறே? இதுக்கு ஜாக்கெட் தைக்கப்போறியா?” என்றாள் தேவதர்ஷினி.

“இருபது வருசமா தைச்சிக்கினுதான்டி கீறேன்.”

விஷயம் தெரிந்ததும் தேவதர்ஷினிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. குப்பனும் இதே பாதையில் வேலை பார்த்தவர் என்று செவ்வந்தி சொன்னதும் கூட வேலை செய்த ஒருவர்தான், “குப்பன் மேஸ்திரியா? கொளஞ்சியப்பன் தாத்தாவ போய்க் கேளுங்க. அந்தக் காலத்து ஆளுங்கள்ல அவரு ஒருத்தருதான் மிச்சம்” என்றார்.

கொளஞ்சியப்பனுக்கு எண்பது தாண்டிவிட்டது. ஸ்டேஷனுக்குப் பின்னால் மகள் வீட்டில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். காது நன்றாகக் கேட்டது. அதைவிட நாக்கு நன்றாக இருந்தது.

“யாரு? விரலில்லாத குப்பன் வூட்டுப் புள்ளைங்களா? இன்னா, சொத்து தகராறா? அவங்கிட்ட சொத்தே கெடையாதே.”

செவ்வந்தி போனில் அந்தப் படத்தைக் காட்டினாள். கிழவர் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார்.

“தலை குப்பன். ஒடம்பு எவன்து?”

“எங்க அண்ணன் ஒட்ட வெச்சது தாத்தா. சப்பான்காரன கோடாரியால வெட்டினாருன்னு சொல்லிக்கினு கீறாங்க.”

“உங்க வம்சமே பொய் வம்சமா? குப்பன் ஒரு கோழிய அறுக்கமாட்டான். பொஞ்சாதிதான் அறுக்கணும்.”

பிறகு அவர் சொன்னதெல்லாம் குப்பன் வாயால் அவர் கேட்டது. மலையில் சேகரிக்கிற கடுக்காயை மூட்டையாகத் தலையில் வைத்துக் கீழே இறக்குவதுதான் சின்ன வயதில் குப்பனுக்கு வேலை. அரை வயிற்றுக் கூழும் முழு நாள் திட்டும் சம்பளம். யுத்த காலத்தில் கள்ளக்குறிச்சி சந்தைக்கு ஆள் பிடிக்க வந்தவர்கள், பாறையில் கால் வழுக்காமல் மூட்டையோடு இறங்குகிறவன் என்று தெரிந்து அவரை வண்டியில் ஏற்றினார்கள். எங்கே போகிறோம் என்று யாரும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை, பூட்ஸ் கொடுத்தார்கள், அது போதுமாக இருந்தது. கொண்டுபோய் இறக்கியது அசாம் பக்கம். பட்டாளத்துக்கு ரயில் பாதை போடுகிற கூட்டம். தண்டவாளம் சுமப்பது, ஜல்லி இடிப்பது, மேலே குண்டு விழுந்து பாதை பிய்ந்தால் விடிவதற்குள் மறுபடி போடுவது. போட்டால்தான் அரிசி வரும். அதனால் போட்டார்கள். மழையில் தண்டவாளம் கை நழுவிக் காலில் விழுந்தது. விரல் போனது அப்படித்தான். குடும்பத்தில் அதற்கும் ஒரு தோட்டா தயார் செய்து வைத்திருந்தார்கள்.

“துப்பாக்கியே தொடலியா தாத்தா?” என்றாள் தேவதர்ஷினி.

“ஏன் தொடல? தொட்டானே. வெள்ளக்கார சார்ஜெண்ட்டு ஒண்ணுக்குப் போறப்ப, ‘புடி’ன்னு இவங்கையில குடுத்துட்டுப் போனான். வந்து வாங்கிக்கினான். அதான் அவன் பண்ண யுத்தம்.”

திரும்பி வந்ததும் ரயில்வேயில் கேங்மேன் வேலை கிடைத்தது. அதற்கப்புறம் பதினைந்து வருஷம் கட்டைவிரல். மேஸ்திரி வேலை இரண்டு தடவை குப்பன் கைக்கு வந்து நழுவிற்று. மேஸ்திரி என்றால் கருவிகளுக்குக் கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும். விரல் வைக்கிறவனுக்குக் கிடையாது. அவரிடம் தொழில் கற்ற பொடியன்கள் இரண்டு பேர் அவருக்கு மேஸ்திரி ஆனார்கள். அதில் ஒருவனுக்கு ஜல்லி இடிக்க எந்தப் பக்கம் நிற்பது என்பதே தெரியாதாம். கையெழுத்து மட்டும் சுழித்துச் சுழித்துப் போடுவானாம்.

“நான் அஞ்சாவது படிச்சவன். கேங்குல புதுசா சேந்த நேரம். ‘என் பேர எழுதிக் காட்றா’ன்னான். பென்சில குடுத்தா ஒடையுது. அவன் புடி அப்டி. அப்புறந்தான், தேஞ்சுபோன இரும்பு ஒண்ணு கெடந்திச்சி, அதுமேல சாக்பீசுல எழுதிக் குடுத்தேன். வெட்டுளிய வெச்சி அதுமேலயே செதுக்கினான். நெதமும் சோத்துக்கு அப்புறம். தப்பானா தேச்சிட்டு மறுபடி. டங்கு டங்குன்னு ஒரே சத்தம். எங்களுக்குத் தூக்கம் போச்சு. கையெழுத்து போட்ட அன்னிக்கு ஆபீசுலேர்ந்து ஓடியாந்து, மறந்துடுவேன்னு தேதியையும் அதுலயே வெட்டினான். ரிட்டயர் ஆனப்ப கேங்கே கேட்டு வாங்கி அந்த ஓட்டை இரும்ப அவனுக்குக் குடுத்திச்சி. தேதி நீங்களே போய்ப் பாத்துக்குங்க. நான் சொல்லமாட்டேன்.”

“அப்ப கோடாரின்னு சொன்னது யாரு தாத்தா?”

“அவன் புள்ளதான். பொண்ணு பாக்க வந்தவங்க ‘இன்னாது இது’ன்னு கேட்டாங்களாம். ஜல்லி இடிக்கறதுன்னு சொன்னா வாய் வெந்துடுமா? பட்டாளத்து ஆயுதம்னுட்டான். குப்பன் என்கிட்ட வந்து தலையில அடிச்சிக்கினான்.”

பஸ்ஸில் திரும்பும்போது செவ்வந்திக்குச் சிரிப்பு வரவில்லை. ஒருவன் மூட்டை சுமந்து, இரும்பு சுமந்து, விரலைக் கொடுத்து, நாற்பது வயதுக்கு மேல் உளி வைத்துத் தன் பேரைக் கற்றிருக்கிறான். அவன் சோற்றில் வளர்ந்த கூட்டம் அந்தப் பேருக்கு எண்ணெய் பூசி, குங்குமம் அப்பி, உறை மாட்டி வைத்திருக்கிறது. உறை தைத்தவள் தானே என்பது நினைவுக்கு வந்தபோது, அந்தக் கூட்டத்துக்கு வைத்த திட்டில் தனக்கும் ஒரு பங்கு எடுத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் வெல்வெட்டை வெட்டி மிஷினுக்கு மேல்மூடி தைத்தாள். ஜரிகையும் வைத்தாள். மிஷினுக்கு நன்றாகத்தான் இருந்தது.

ஆடிப் படையலன்று அடிவாரத்தில் கூட்டம். மரத்துக்கு மரம் பிளக்சில் சுபேதார் குப்புசாமி முறைத்துக்கொண்டிருந்தார். வருவதாகச் சொன்ன பெரிய ஆட்கள் வரவில்லை. அவர்களுக்குப் போட்ட நாற்காலிகளில் சிவசங்கரின் மாமியார் வீட்டார் உட்கார்ந்திருந்தார்கள். கலைவாணன் வெள்ளைப் பேண்ட், வெள்ளைச் சட்டை, கறுப்புக் கண்ணாடி.

“உறை எங்க தங்கச்சி?” என்றான் சிவசங்கர்.

“தைக்கல.”

“இன்னாது, தைக்கலியா? ஏன்?”

“அளவு தெரிஞ்சிப்போச்சு. அதான்.”

“நேரம் ஆவுதுடி! திரையாவது கட்டுனீங்களா?”

“அதையும் நான்தான் தைக்கறது. அதையும் தைக்கல.”

எல்லோர் முன்னாலும் திட்டலாமென்றால் போட்டோகிராபர் நிற்கிறார். பல்லைக் கடித்துக்கொண்டு தம்பியைக் கண்ணால் தள்ளினான். கலைவாணன் பெட்டிக்கு முன்னால் குனிந்தான். பழைய உறையின் தையல், கை பட்டதும் விட்டுப்போயிற்று. உள்ளே இருந்த இரும்பு நாற்பது வருஷத்து எண்ணெயும் குங்குமமுமாகக் கறுப்புப் பிசினாக இருந்தது. அவன் இரண்டு விரலால், செத்த எலியைத் தூக்குவதுபோலத் தூக்கினான். தூக்கியதும்தான் கனம் தெரிந்தது. பேண்டில் ஒரு நீளக் கறை. “ஐயோ” என்று விட்டான். இரும்பு அவன் கால்விரலை ஒட்டி மண்ணில் குத்தி நின்றது. அவன் துள்ளிய துள்ளலில் கறுப்புக் கண்ணாடி படையல் பொங்கலில் விழுந்தது.

“சப்பான்காரன் குண்டு போட்டுட்டான் டோய்!” என்று பின்வரிசையில் யாரோ கத்த, கூட்டம் சிரித்தது.

“எடுடா!” என்றான் சிவசங்கர்.

“நீ எடு. என் கால் போயிருக்கும்” என்றான் கலைவாணன். அந்தக் காலுக்காக அவன் காட்டிய அக்கறையில் நூற்றில் ஒரு பங்கு குப்பன் தன் காலுக்காகக் காட்டியிருந்தால், இவர்கள் யாரும் சோறு கண்டிருக்கமாட்டார்கள்.

அப்போதுதான் கச்சிராயபாளையம் பஸ்ஸில் இறங்கி நடந்து வந்த தேவதர்ஷினி கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். டியூட்டியிலிருந்து நேராக வருகிறாள். ஆரஞ்சுக் கோட்டு. அக்கா கழற்றக் கூடாது என்று சொல்லியிருந்தாள்.

தேவதர்ஷினி குனிந்து இரும்பை ஒரு கையால் எடுத்தாள். வீட்டில் தோசைக்கல்லை எடுப்பதுபோல.

“தொடாத! யார கேட்டு தொடறே?” சிவசங்கர் பாய்ந்து வந்தான்.

“குப்பன கேட்டுத்தான்” என்றாள் செவ்வந்தி. “மொதல்ல சர்க்கார் சம்பளம் வாங்கறவங்க கழுவணும்னாரு. சேர்ல குந்திக்கினு வாங்கறவங்கன்னு சொல்லல. இது கோடாரியும் இல்ல. கேங்குல ஜல்லி இடிக்கற இரும்பு. தெனமும் இவ கையில கீது. அவரு செஞ்ச வேலையத்தான் இவ செய்றா.”

அவள் சொன்னது மாமியார் வீட்டார் காதில் விழுந்துவிட்டது. சிவசங்கருக்கு முகம் செத்துப்போயிற்று. தேவதர்ஷினி அதற்குள் பையில் கொண்டுவந்திருந்த மண்ணெண்ணெய்த் துணியால் இரும்பைத் தேய்க்க ஆரம்பித்திருந்தாள். நாலு தேய்ப்பில் குங்குமம் போனது. பிறகு பிசின். பிறகு கோடுகள். ஒன்றன்மேல் ஒன்றாக, கோணலும் மாணலுமாக, பாதி அழிந்தும் அழியாமலும், இரும்பு முழுக்க ஒரே பேர்.

“குப்பன், குப்பன், குப்பன்...” என்று முன்வரிசையில் இருந்த பள்ளிக்கூடத்துப் பெண் ஒருத்தி எழுத்துக் கூட்டினாள்.

“அது வேற எவனோ குப்பன்” என்றான் சிவசங்கர். “நம்ம ஆளு குப்புசாமி.”

செவ்வந்தி பிளக்சைக் காட்டினாள்.

“சரிண்ணே. அதுல கழுத்துக்கு மேல கீறவரு குப்பன். அவர எங்களுக்கு விட்டுடு. கழுத்துக்குக் கீழ கீறவருதான் உன் குப்புசாமி. அவர நீ வெச்சிக் கும்பிடு. எந்த ஊர்க்காரருன்னு மட்டும் விசாரிச்சிக்கோ.”

இந்தத் தடவை மாமியார் வீட்டாரும் சிரித்தார்கள். சிவசங்கர் போட்டோகிராபரைப் பார்த்து, “இத எடுக்காதய்யா” என்றான். அவர் எடுத்துக்கொண்டேதான் இருந்தார்.

தேவதர்ஷினி இரும்பைத் தண்ணீரில் கழுவித் துடைத்தாள். கூர்முனையில் எலுமிச்சை குத்தினாள். உறை இல்லாமல், எல்லோரும் பார்க்க, இரண்டு கையிலும் ஏந்திச் சாமிக்கு முன்னால் வைத்தாள். கற்பூரம் காட்டும்போது அவள் கோட்டிலிருந்த வெள்ளிப் பட்டை மின்னியது. ஓரமாக நின்று கும்பிட்டவன் கலைவாணன், பேண்ட் கறையைக் கையால் மறைத்துக்கொண்டு.

செவ்வந்தி கிட்டே போய்க் குனிந்தாள். தட்டை முனையின் ஓரத்தில், மற்றவற்றைவிட ஆழமாக, ஒரு பேர் தனியாக நின்றது. கு கொஞ்சம் சாய்ந்திருந்தது. ப-வின் மேல் புள்ளி பெரிதாக, உளி இரண்டு தடவை விழுந்ததுபோல. கடைசி ன் நேராக இருந்தது. அதற்குக் கீழே எண்கள். அவள் விரலை வைத்து ஒவ்வொன்றாகத் தடவி, தப்பில்லாமல் இருக்க இரண்டு முறை சரிபார்த்துவிட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வாசித்தாள்.

குப்பன். பதினெட்டு, ஏழு, அறுபத்திரண்டு.